முன்வண்டியும் பின்வண்டியும்

ஒரு வண்டியை ஓட்டுவது ஒரு திறமை. அதன் பின்னே மற்றொரு வண்டியைப் பூட்டி ஓட்டுவது வேறொரு திறமை. முன்வண்டியில் அமர்ந்திருப்பவர் நிறுத்த எண்ணிக் காலை அழுத்துகிறார். பின்வண்டி அதனை அறியாது; தன் பாரமும் வேகமும் உந்த, முன்வண்டியின் முதுகில் வந்து முட்டுகிறது. அவர் இடப்புறம் திரும்பப் போவதாக விளக்கைக் காட்டுகிறார். இடையில் இருக்கும் பின்வண்டி அவ்விளக்கை மறைத்துவிடுவதால் பின்னால் வருபவருக்கு அது தெரிவதில்லை. ஆகவே ஓட்டுபவரின் எண்ணத்தைப் பின்வண்டிக்கும், அப்பின்வண்டியின் வாயிலாகச் சாலையில் வருவோர்க்கும் எவ்வாறு அறிவிப்பது என்பது, வண்டிகளைத் தொடராகப் பூட்டிய நாள்முதல் மனிதன் எதிர்கொண்டுவந்த ஒரு கேள்வி. அதற்கு அவன் கண்ட விடைகளை, நம்மவர் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் மும்பை மாநகரை நிலைக்களமாகக் கொண்டு இங்கே நோக்குவோம்.

இது பொறியியல் வல்லுநர்க்கே உரிய செய்தி என்று நேயர்கள் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய மூன்று பகுதிகளும் வெளிமாநிலத் தமிழர் அனைவரும் அறிந்த பெயர்கள். இம்மூன்றையும் சுற்றி என்னென்ன இருக்கின்றன என்று பாருங்கள். மாட்டுங்காவில் 1915ஆம் ஆண்டு முதல் ரயில் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் பெரிய பட்டறை இயங்கிவருகிறது. செம்பூரை அடுத்த டிராம்பேயில் 1954, 1955ஆம் ஆண்டுகளில் இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் எழுந்தன. அவற்றின் வாயிலிலிருந்து டாங்கர் லாரிகள் நாள்தோறும் புறப்படுகின்றன. இடையில் உள்ள குர்லாவில் ஒரு காலத்தில் மோட்டார் ஆலை இருந்தது. வடாலாவில் லாரிகள் வந்து தங்கும் முனையம் இருக்கிறது. தமிழகத்திலிருந்து பிழைப்பு நாடிச் சென்றவர்களில் அலுவலகம் புகுந்தோர் பலர். ரயில் பட்டறையிலும் லாரியிலும் சாலையோர மின்பட்டறையிலும் கை அழுக்காகப் பாடுபட்டோரும் பலர். அவர்கள் செய்த வேலையின் வரலாறே நாம் இப்போது காணப்போவது.

ரயிலும் மோட்டாரும் வருவதற்கு முன்பே நம் நாட்டு வண்டிக்காரர்கள் இக்கேள்வியின் இரு பகுதிகளையும் அறிந்திருந்தனர். சரிவான பாதையில் பாரவண்டி இறங்கும்போது மாட்டின் கழுத்தே அதனைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். மாடு தாங்காவிடில், உடன் நடந்துவருபவர் ஒரு கட்டையைச் சக்கரத்தின் கீழே கொடுத்து நிறுத்துவார். முட்டுக்கட்டை என்னும் சொல்லை இன்று நாம் இடையூறு என்ற பொருளில் ஆள்கிறோம். ஆனால் சரிவில் இறங்கும் வண்டிக்கு அது உயிர் காக்கும் துணை. இரவுப் பயணத்தில் வண்டியின் அச்சுக்குக் கீழே ஒரு விளக்கைத் தொங்கவிடுவர். வண்டிக்காரர் உறங்கிப்போனாலும் அந்த விளக்கு, 'இங்கே ஒரு வண்டி செல்கிறது' என்று பின்னால் வருபவர்க்குச் சொல்லிக்கொண்டே செல்லும். தடுக்க ஒரு கட்டை, காட்ட ஒரு விளக்கு: பின்னர் வந்த கருவிகள் எல்லாம் இவ்விரண்டின் வளர்ச்சியே ஆகும்.

1853ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் பம்பாயின் போரிபந்தரிலிருந்து தாணாவுக்கு இந்தியாவின் முதற் பயணிகள் ரயில் சென்றது. மூன்று எஞ்சின்கள், 14 பெட்டிகள், ஏறக்குறைய 400 விருந்தினர். அக்காலத்து ரயிலில் எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரே பிரேக் என்பது கிடையாது. எஞ்சின் பகுதியில் ஒன்று. கார்டு இருக்கும் வண்டியில் கையால் திருகும் பிரேக் ஒன்று. எஞ்சின் ஓட்டுபவர் ஊதல் ஊதினால் கார்டு அதனைக் கேட்டுத் தம் சக்கரத்தைத் திருக வேண்டும். ஆகவே முன்வண்டியின் எண்ணம் பின்வண்டியை அடைந்தது ஒலியின் வாயிலாக. அதனை நிறைவேற்றியது மனிதனின் கை. காற்று எதிர்த்து அடித்தாலும் கார்டு கண்ணயர்ந்தாலும் அந்தத் தொடர்பு அறுந்துபோகும்.

சமவெளியில் இது ஒருவாறு போதுமானதாக இருந்தது. 1863இல் போர்காட் மலைப்பாதை திறக்கப்பட்டபோது நிலைமை மாறியது. அம்மலைச் சரிவில் சில இடங்களில் ரயில் 37 அடி சென்றால் ஓர் அடி இறங்கிவிடும். 1871இல் பம்பாய்ப் பக்கத்து இருப்புப்பாதையும் சென்னைப் பக்கத்து இருப்புப்பாதையும் ராய்ச்சூரில் இணைந்தன. அதுமுதல் சென்னையிலிருந்து பம்பாய்க்குப் பிழைப்புத் தேடி வந்த நம் முன்னோர் அனைவரும் கடைசியாக இறங்கிய சரிவு இந்தப் போர்காட் சரிவேயாகும். பிரேக்குக்கு அடங்காமல் ஓடும் ரயிலைப் பிடித்து நிறுத்துவதற்கென்று அங்கே தனிக் கிளைப்பாதைகள் அமைத்திருந்தனர். முதன்மைப் பாதையிலிருந்து பிரிந்து மேல்நோக்கி ஏறும் அக்கிளையில் திருப்பிவிடப்பட்ட ரயில், ஏற்றத்தில் தன் வேகத்தை இழந்து நிற்கும். பின்வண்டிகளை அடக்கும் வழி போதாதிருந்த காலத்தில் மலையைக்கொண்டே அவற்றை அடக்கிய ஏற்பாடு இது.

இதற்கு உண்மையான விடை அமெரிக்காவிலிருந்து வந்தது. ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் என்பவர் 1869ஆம் ஆண்டில் காற்றின் அழுத்தத்தால் இயங்கும் பிரேக்குக்கு உரிமம் பெற்றார். எஞ்சினிலிருந்து எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரு குழாய் சென்றது. ஓட்டுநர் அழுத்தக் காற்றை அனுப்பினால் எல்லாப் பெட்டிகளிலும் பிரேக் பிடித்தது. ஆயினும் அதில் ஒரு பெருங்குறை இருந்தது. குழாய் அறுந்துவிட்டால் காற்று வெளியேறிவிடும். பிரேக்கே இல்லாமற் போகும். மிகவும் தேவைப்படும் நேரத்தில் கைவிடும் துணை அது. 1872இல் வெஸ்டிங்ஹவுஸ் அதனைத் தலைகீழாக மாற்றினார். புதிய முறையில் ஒவ்வொரு பெட்டியிலும் காற்றுச் சேமிப்புக் கலம் ஒன்று இருந்தது. குழாயில் அழுத்தம் இருக்கும் வரையில் பிரேக் விலகி நிற்கும். அழுத்தம் குறைந்தால் பெட்டி தன் சேமிப்பிலிருந்தே காற்றை எடுத்துத் தானே பிரேக்கைப் பிடித்துக்கொள்ளும். ஓட்டுநர் வேண்டுமென்றே காற்றை விட்டாலும், குழாய் அறுந்தாலும், பெட்டிகள் பிரிந்தாலும் விளைவு ஒன்றே: வண்டி நிற்கும்.

இவ்வுண்மையை உலகம் எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. அதற்கு ஒரு பெருந்துயரம் நேர வேண்டியிருந்தது. 1889ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் அயர்லாந்தின் ஆர்மா நகருக்கு அருகே ஓர் உல்லாசப் பயண ரயில் ஏற்றத்தில் ஏறமுடியாமல் நின்றுவிட்டது. அதில் சிறுவர் சிறுமியர் நிறைந்திருந்தனர். ரயிலை இரண்டாகப் பிரித்து முன்பகுதியை மட்டும் முதலில் கொண்டுசெல்வது என்று பணியாளர் முடிவு செய்தனர். அந்த ரயிலில் இருந்தது வெற்றிடத்தால் இயங்கும் எளிய வகைப் பிரேக். எஞ்சினிலிருந்து பிரித்தவுடன் பின்பகுதிக்கு அது பயன்படவில்லை. கார்டின் கைப்பிரேக்கையும், சக்கரங்களின் கீழே கொடுத்த கற்களையும் நம்பிப் பத்துப் பெட்டிகளை நிறுத்திவைத்தனர். முன்பகுதி புறப்படும்போது சற்றே பின்னோக்கி அசைந்து பின்பகுதியைத் தொட்டது. கற்கள் நொறுங்கின. பெட்டிகள் சரிவில் உருண்டோடி, பின்னால் வந்துகொண்டிருந்த மற்றொரு ரயிலோடு மோதின. 80 பேர் மாண்டனர். அவ்வாண்டு முடிவதற்குள் பிரிட்டிஷ் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது: பயணிகள் ரயில் ஒவ்வொன்றிலும் எல்லாப் பெட்டிகளிலும் தொடர்ந்து செல்வதும், தொடர்பு அறுந்தால் தானே பிடிப்பதுமான பிரேக் இருந்தே தீர வேண்டும் என்று.

இந்தியாவில் நெடுங்காலம் வழங்கியது, தானே பிடிக்கும் வெற்றிடப் பிரேக் ஆகும். குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி வெற்றிடம் உண்டாக்கினால் பிரேக் விலகும். குழாய்க்குள் காற்று புகுந்தால் பிரேக் பிடிக்கும். பெட்டியில் நாம் காணும் அபாயச் சங்கிலியின் இரகசியமும் இதுவே. அச்சங்கிலியை இழுத்தால் குழாயில் ஒரு திறப்பு உண்டாகிறது. காற்று உள்ளே பாய்கிறது. பெட்டிகள் பிரேக்கைப் பிடிக்கத் தொடங்குகின்றன. ஆர்மாவில் மாண்டவர்களால் உலகம் கற்ற பாடம், நம் தலைக்கு மேலே சங்கிலியாகத் தொங்கிக்கொண்டிருந்தது எனலாம். பின்னர் வெற்றிடப் பிரேக் விலகி, இன்று நம் ரயில்களில் அழுத்தக் காற்றுப் பிரேக்கே இயங்குகிறது. அடிப்படை விதி மட்டும் மாறவில்லை.

பிரேக்கோடு விளக்கையும் ரயில்வேயார் மறக்கவில்லை. ரயிலின் கடைசிப் பெட்டியில் பகலில் ஓர் அடையாளப் பலகையும் இரவில் சிவப்பு விளக்கும் இருக்கும். பின்னால் வரும் ரயிலை எச்சரிப்பது அதன் ஒரு பயன். மற்றொரு பயனும் உண்டு. ஒரு நிலையத்தைக் கடக்கும் ரயிலின் கடைசி அடையாளத்தை நிலைய ஊழியர் கண்ணால் கண்டால்தான், 'முழு ரயிலும் வந்து சேர்ந்தது, வழியில் எந்தப் பெட்டியும் கழன்று நிற்கவில்லை' என்று உறுதி செய்ய முடியும். அந்த விளக்கு காணப்படாவிட்டால் பின்னால் மற்றொரு ரயிலை அனுப்புவது ஆபத்து.

அடுத்த படி, குழாயின் இடத்தில் மின்கம்பி துணைக்கு வந்தது. 1925ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள் பம்பாய் விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு, துறைமுகப் பாதை வழியாக, இந்தியாவின் முதல் மின்சார ரயில் ஓடியது. மின்சார ரயிலில் எஞ்சின் என்று தனியே ஒன்று முன்னால் நிற்பதில்லை. மோட்டார்கள் இடையிடையே உள்ள பெட்டிகளில் அமைந்திருக்கும். முன்னால் உள்ள ஓட்டுநர் தம் கைப்பிடியைத் திருப்பினால் அக்கட்டளை மெல்லிய மின்கம்பிகள் வழியாகப் பெட்டிக்குப் பெட்டி சென்று, எல்லா மோட்டார்களையும் ஒருசேர இயக்கும். இம்முறையை 1897இல் சிகாகோ நகரில் முதன்முதலாக நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் பிராங்க் ஸ்ப்ரேக் என்னும் பொறியாளர். ஒரு பெட்டிக்கும் அடுத்த பெட்டிக்கும் இடையே தொங்கும் கம்பிக் கற்றையும், அதன் முனையில் உள்ள செருகியும் எவ்வளவு நன்றாக இருக்கின்றனவோ அவ்வளவு நன்றாகத்தான் அந்த ரயில் ஓடும். பட்டறைகளில் பெட்டிகளைப் பழுதுபார்த்தோர்க்கு இது பழகிய உண்மை.

இனிச் சாலைக்கு வருவோம். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படையினரோடு ஜீப் வண்டி இந்தியாவுக்கு வந்தது. அதன் பின்னே பூட்ட ஒரு சிறு இரண்டு சக்கர டிரெய்லரும் இருந்தது. அந்த டிரெய்லருக்கு நிறுத்திவைக்கும்போது பயன்படும் கைப்பிரேக் மட்டுமே உண்டு. ஓடும்போது அடக்க ஒன்றும் இல்லை. ஆனால் விளக்கு உண்டு. ஜீப்பின் பின்புறத்தில் ஒரு செருகுவாய் வைத்து, அதிலிருந்து டிரெய்லரின் விளக்குக்கு மின்சாரம் கொடுத்தனர். போர் முடிந்தபின் படையினரின் உபரி வண்டிகள் பொதுமக்களுக்கு விற்கப்பட்டன. 1949இல் மகிந்திரா நிறுவனத்தார் பம்பாய் மஸகானில் ஜீப்புகளைப் பூட்டி விற்கத் தொடங்கினர். இதற்கு இரண்டாண்டுகள் முன்பே, 1947இல், வால்சந்த் ஹீராசந்த் அவர்களின் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனம் குர்லாவில் அமைத்த ஆலையிலிருந்து மோட்டார் வண்டிகள் வெளிவரத் தொடங்கியிருந்தன. அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனத்தாரோடு கூட்டுச் சேர்ந்து டாட்ஜ், பார்கோ என்னும் பெயர்களில் சுமைவண்டிகளையும் அவர்கள் அளித்தனர்.

நம் நாட்டுச் சுமைவண்டித் தொழிலில் ஒரு தனி வழக்கம் நெடுங்காலம் இருந்தது; இன்றும் ஓரளவு இருக்கிறது. ஆலையிலிருந்து வெளிவருவது பெரும்பாலும் எஞ்சினும் சேஸிஸும் மட்டுமே. அதன்மேல் மரத்தாலும் தகட்டாலும் கூடு கட்டுவது தனிப் பட்டறைகளின் வேலை. ஆகவே பின்விளக்குக்கு ஒயர் இழுப்பதும் அப்பட்டறையின் எலெக்ட்ரீஷியன் பொறுப்பாயிற்று. எந்த நிற ஒயர் எதற்கு என்பது அவர் மனத்தில் இருந்தது, ஏட்டில் இல்லை. இருபது ஆண்டுகள் கழித்து அதே வண்டியை வேறொருவர் திறந்து பார்க்கும்போது, ஒட்டுமேல் ஒட்டாக அங்கே ஒரு புதர் இருக்கும். பழைய பிக்கப் வண்டிக்கு டிரெய்லர் விளக்கும் பிரேக்கும் இணைப்பது கடினமான வேலையாக இருப்பதற்கு இதுவே முதற்காரணம்.

அவ்வேலையைச் சற்று நுணுகிப் பார்ப்போம். முதலில் அறிய வேண்டியது வண்டியின் வோல்ட் அளவு. போர்க்கால ஜீப்பும், 1955 வரையிலான கிரைஸ்லர் குடும்பத்துக் கார்களும் 6 வோல்ட் பாட்டரியில் இயங்கியவை. பின்னர் 12 வோல்ட் வழக்கமாயிற்று. பெரிய லாரிகளில் 24 வோல்ட் பாய்கிறது. 12 வோல்ட் பல்பை 24 வோல்ட்டில் மாட்டினால் அது உடனே போய்விடும். 24 வோல்ட் பல்பை 12இல் மாட்டினால் மங்கலாக எரியும். மங்கலாக எரிவது இன்னும் கேடு. எரிகிறது என்று ஓட்டுநர் நம்பியிருப்பார், பின்னால் வருபவருக்கோ தெரியாது.

இரண்டாவது, எர்த் எந்தப் பக்கம் என்பது. இன்றைய வண்டிகளில் பாட்டரியின் எதிர்முனையை இரும்புச் சட்டத்தோடு சேர்க்கின்றனர். பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றிலும், மேற்கூறிய கிரைஸ்லர் வண்டிகளிலும் நேர்முனையே எர்த்தாக இருந்தது. சாதாரண பல்புக்கு இதனால் வேறுபாடு இல்லை. எல்.இ.டி. விளக்கையும் புதிய பிரேக் கன்ட்ரோலரையும் அப்படிப்பட்ட வண்டியில் அறியாமல் இணைத்தால் அவை இயங்கா, பழுதாகிவிடவும் கூடும்.

மூன்றாவது, விளக்குகளின் வழக்கு. அமெரிக்க முறையில் பிரேக்குக்கும் திரும்புவதற்கும் பின்னால் ஒரே சிவப்பு பல்பைப் பயன்படுத்துவதுண்டு. நம் நாட்டில் இன்று திரும்பும் விளக்கு மஞ்சளாகத் தனியே இருக்கிறது. ஒருவகை வண்டியோடு மற்றொரு வகை டிரெய்லரை நேராக இணைத்தால், பிரேக்கை அழுத்தும்போது திரும்பும் விளக்கு எரியும். இடையில் ஒரு மாற்றுக் கருவி வேண்டும்.

நான்காவது, மின்சாரத்தின் சுமை. ஒரு பிரேக் பல்பு 21 வாட் என்று கொள்வோம். 12 வோல்ட்டில் இரண்டு பல்புகள் மூன்றரை ஆம்பியர் இழுக்கும். டிரெய்லரின் இரண்டையும் சேர்த்தால் ஏழு. 6 வோல்ட் வண்டியாக இருந்தால் பதினான்கு. முப்பது நாற்பது ஆண்டு பழகிய மெல்லிய ஒயரும் சுவிட்சும் இதனைத் தாங்கா, சூடேறும். ஆகவே அறிந்தவர்கள் பழைய சுவிட்சின்மேல் புதுச் சுமையை ஏற்றுவதில்லை. பாட்டரியிலிருந்து ப்யூஸ் வழியாகத் தனி ஒயர் இழுத்து, பழைய சுவிட்ச் ஒரு ரிலேயை மட்டும் இயக்கும்படி அமைப்பார்கள். பழைய வெப்பவகை ப்ளாஷரும் கூடுதல் பல்புகளால் விரைந்து மின்னத் தொடங்கும். அதனையும் மாற்ற வேண்டும்.

ஐந்தாவது, எல்லாவற்றினும் மிகுதியாக மறக்கப்படுவது, டிரெய்லருக்குத் தனி எர்த் ஒயர். கொக்கியின் இரும்பே போதும் என்று பலர் விட்டுவிடுகின்றனர். கொக்கியில் கிரீஸ் இருக்கிறது. மும்பையின் மழையும் கடற்காற்றும் தரும் துருவும் இருக்கிறது. பள்ளத்தில் இறங்கி ஏறும்போது விளக்கு அணைந்து அணைந்து எரிகிறது. இடப்புற விளக்கைப் போட்டால் எல்லா விளக்குகளும் சேர்ந்து துடிக்கின்றன. பிரேக்கை அழுத்தினால் பின்விளக்கு மங்குகிறது. இக்குறிகளைக் கண்டதும் அனுபவம் உள்ள எலெக்ட்ரீஷியன் பல்பைத் தேடிப் போகமாட்டார்; எர்த்தைத் தேடிப் போவார்.

இனி, பிரேக் கன்ட்ரோலர். நடுத்தர டிரெய்லர்களுக்கு மின்சாரத்தால் இயங்கும் பிரேக் அமெரிக்காவில் பெருவழக்காக உள்ளது. 1927ஆம் ஆண்டு விஸ்கான்சின் மாநிலத்துப் பெலாய்ட் நகரில் வார்னர் என்பவர் தொடங்கிய நிறுவனம் இதில் முன்னோடி. டிரெய்லரின் பிரேக் டிரம்முக்குள் ஒரு மின்காந்தம் இருக்கும். மின்சாரம் பாய்ந்தால் அது சுழலும் பரப்பில் ஒட்டிக்கொண்டு சிறிது இழுபடும். அந்த இழுப்பு ஒரு நெம்புகோலைத் தள்ள, பிரேக் ஷூ டிரம்மை அழுத்தும். ஒவ்வொரு காந்தமும் 12 வோல்ட்டில் சுமார் 3 ஆம்பியர் கொள்ளும். அந்த மின்சாரத்தை எப்போது, எவ்வளவு விடுவது என்று ஓட்டுநரின் அருகிலிருந்து தீர்மானிப்பதே கன்ட்ரோலரின் வேலை. தொடக்கத்தில் வந்தவை முன்வண்டியின் பிரேக் எண்ணெய்க் குழாயோடு இணைந்து, அதன் அழுத்தத்துக்கு ஏற்பச் செயற்பட்டன. பின்னர் வந்தவை வண்டியின் வேகம் குறைவதை ஓர் ஊசல்போல உணர்ந்து, அதற்கேற்ப மின்சாரத்தைக் கூட்டிக் குறைத்தன. கன்ட்ரோலருக்கு நான்கு ஒயர்கள் போதும்: பாட்டரியிலிருந்து ஒன்று, எர்த்துக்கு ஒன்று, பிரேக் சுவிட்சிலிருந்து ஒன்று, டிரெய்லருக்குச் செல்வது ஒன்று. ஆர்மாவின் பாடம் இங்கும் மறக்கப்படவில்லை. டிரெய்லரிலேயே ஒரு சிறு பாட்டரி இருக்கும். டிரெய்லர் கழன்றால் ஒரு கம்பி ஓர் ஆணியை உருவிவிட, அந்தப் பாட்டரி பிரேக்கைப் பிடிக்கச் செய்யும். குறைந்தது 15 நிமிடமாவது அப்பிடி நிற்க வேண்டும் என்பது அமெரிக்காவில் வணிக வண்டிகளுக்கான விதி.

நம் நாட்டில் இந்த மின்பிரேக் பரவவில்லை. பெரிய டிரெய்லர்களுக்கு அழுத்தக் காற்றே வழங்குகிறது. பம்பாய் மக்கள் அவ்வகை இணைப்பு வண்டியை நேரில் கண்டது 1960களின் பிற்பகுதியில். பெஸ்ட் நிறுவனத்தார் அப்போது இரண்டடுக்கு டிரெய்லர் பஸ்களை இயக்கினர். ஓட்டுநர் முன்னால் தனி எஞ்சின் வண்டியில் இருப்பார். பயணிகள் அனைவரும் பின்னால் பூட்டிய இரண்டடுக்குக் கூண்டில் இருப்பர். பயணிகள் இருக்கும் வண்டியில் ஓட்டுநர் இல்லை. ஓட்டுநர் இருக்கும் வண்டியில் பயணிகள் இல்லை. கண்டக்டரின் மணியோசையும் பிரேக்கும் விளக்கும் ஆகிய மூன்றும் இடையில் உள்ள இணைப்பைக் கடந்தே செல்ல வேண்டும். 1989ஆம் ஆண்டு கடலுக்கு அப்பால் நவசேவாவில் புதிய துறைமுகம் திறக்கப்பட்டபின், 20 அடியும் 40 அடியும் நீளமுள்ள கண்டெய்னர்களை இழுக்கும் டிரெய்லர்கள் மும்பையைச் சூழ்ந்த சாலைகளில் நிறைந்தன. அவற்றின் முன்வண்டிக்கும் பின்வண்டிக்கும் இடையே சுருள் சுருளாகத் தொங்கும் குழாய்களையும் ஒயரையும் நேயர்கள் கண்டிருக்கக்கூடும். ஒரு குழாய் காற்றை நிரப்புகிறது. மற்றொன்று பிரேக்கின் கட்டளையைச் சுமக்கிறது. ஒயர் விளக்குகளை எரிக்கிறது. நிரப்பும் குழாய் அறுந்தால் டிரெய்லர் தன் பிரேக்கைத் தானே பிடித்துக்கொள்ளும்.

இங்கே தமிழர்க்குப் பெருமை தரும் ஒரு செய்தியைக் குறிப்பிட வேண்டும். இவ்வண்டிகளுக்கு வேண்டிய மின்கருவிகளும் பிரேக் கருவிகளும் முன்னர் வெளிநாட்டிலிருந்து வந்தன. சென்னையை அடுத்த பாடியில் 1961இல் லூகாஸ் டி.வி.எஸ். நிறுவனம் மோட்டார் மின்கருவிகளுக்காகத் தோன்றியது. 1962இல் சுந்தரம் கிளேட்டன் நிறுவனம் காற்றுப் பிரேக் கருவிகளுக்காகத் தோன்றியது. சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு பிற்காலத்தில் வாப்கோ என்னும் பெயரோடு இணைந்து தனி நிறுவனமாயிற்று. வாப்கோ என்பது வேறொன்றுமன்று. வெஸ்டிங்ஹவுஸ் ஏர் பிரேக் கம்பெனி என்பதன் சுருக்கமே. 1869இல் ரயிலுக்காகப் பிறந்த அக்கருத்து, நூறாண்டு கடந்து, பாடியில் செய்த வால்வாக நம் லாரிகளின் அடியில் வந்து அமர்ந்தது.

சட்டமும் இதனை மறக்கவில்லை. 1914, 1939, 1988 ஆகிய ஆண்டுகளில் நம் நாட்டில் மோட்டார் வண்டிச் சட்டங்கள் இயற்றப்பட்டன. 1988ஆம் ஆண்டுச் சட்டம் 'மோட்டார் வண்டி' என்னும் சொல்லுக்குத் தரும் விளக்கத்தில் டிரெய்லரும் அடங்கும். சட்டச் சொற்களை மொழிபெயர்க்கும் பணியில் உள்ள நமக்கு இது சிந்தனைக்குரியது. டிரெய்லருக்கு மோட்டாரே இல்லை. தானே ஓர் அடிகூட நகராது. ஆயினும் அது மோட்டார் வண்டியே என்று சட்டம் கூறுகிறது. அதற்கும் பதிவு வேண்டும், விளக்கு வேண்டும். பின்வண்டிக்குப் பொறுப்பில்லை என்று எவரும் சொல்லிவிட முடியாது என்பதே இதன் உட்பொருள்.

ஆனால் நடைமுறை என்ன? மேற்கு மகாராஷ்டிரத்தில் கரும்பு வெட்டும் பருவத்தில் ஒரு டிராக்டர் இரண்டு டிரெய்லர்களை இழுத்துச் செல்வதை அங்கு வாழும் நம்மவர் அறிவர். அவற்றில் பலவற்றுக்குப் பின்விளக்கு இல்லை. இழுபடும் வண்டிக்குப் பிரேக்கும் இல்லை. இருளில் பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரருக்கு அது ஒரு சுவராகத்தான் எதிர்ப்படும். பழைய மாட்டுவண்டியின் கீழே தொங்கிய அரிக்கேன் விளக்கின் அளவுக்குக்கூட அங்கே முன்னெச்சரிக்கை இல்லை என்பது வருந்தத்தக்கது. அக்குறையை நீக்கப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. இரண்டு சிவப்பு விளக்குகள், ஒளியைத் திருப்பும் சிவப்புப் பட்டைகள், ஒரு நல்ல செருகி, தனியே ஓர் எர்த் ஒயர் இருந்தால் விளக்கின் குறை தீரும். பிரேக்குக்குச் சற்றுக் கூடுதலாகச் செலவாகும். அதனைத் தள்ளிப்போடுவதால் நேரும் இழப்போ ஈடு செய்ய முடியாதது.

நம்மவரில் லாரி வைத்திருப்போர் உண்டு, ஓட்டுவோர் உண்டு, பட்டறை நடத்துவோரும் உண்டு. புறப்படுமுன் ஒருவர் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து பிரேக்கை அழுத்த, மற்றொருவர் பின்னால் நின்று விளக்கைப் பார்ப்பது இரண்டு நிமிட வேலை. சமமான இடத்தில் மெதுவாக ஓட்டிப் பார்த்து, டிரெய்லர் முன்வண்டியைத் தள்ளுகிறதா, தானும் சேர்ந்து நிற்கிறதா என்று அறிவது ஐந்து நிமிட வேலை. ஒயர் இணைத்தவர் எந்த நிறம் எதற்கு என்று ஒரு தாளில் எழுதி வண்டியிலேயே வைத்துவிட்டால், இருபது ஆண்டு கழித்து அதனைத் திறப்பவர் அவரை வாழ்த்துவார். ரயிலின் கடைசி விளக்கை நின்று பார்த்து உறுதி செய்யும் நிலைய ஊழியரைப் போல, நம் வண்டியின் கடைசி விளக்கையும் ஒவ்வொரு நாளும் நாமே நின்று பார்ப்போமாக.